மோர் குடிக்கும் நேரத்துச் சொர்க்கம்

1

1991 ஜூன் 17, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது. வானம் மூடிக் கிடந்தது. மழை வருவது போல இருந்ததே தவிர வரவில்லை. புழுக்கம் மட்டும் இருந்தது. கிள்ளானில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் அடியில், சுவரில் வரிசையாகப் பதித்த தபால் பெட்டிகளில் எங்கள் பெட்டியைத் திறந்தேன். மின்சாரக் கட்டணச் சீட்டு ஒன்று, பீட்சா கடை விளம்பரம் இரண்டு, பாளையம்பட்டியிலிருந்து ஒரு கடிதம்.

தங்கை பேச்சியம்மாளுக்கு எழுதத் தெரியாது. அவள் மகன் பொன்ராஜ் எழுதியிருந்தான். பதினொரு வரி. ஒன்பது வரி நலம் விசாரிப்பு. பத்தாவது வரி: "திருச்சுழிப் பக்கம் உள்ள மூணு ஏக்கர் நாற்பது சென்ட் கரிசலை விலை பேசி முடித்துவிட்டேன். ஆனி இருபதாம் தேதி பத்திரம்." பதினொன்றாவது வரி: "அந்தப் பணத்தை மதுரை ஏஜெண்டிடம் கட்டி, ஆடி பிறக்கும் முன் மாமா இருக்கும் சொர்க்க பூமிக்கு வந்து சேருவேன்."

அதை அங்கேயே நின்று நான்கு தடவை படித்தேன். அந்த நிலம் ஒன்றுதான் அவர்களுக்கு உண்டு. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கடனுக்கு ஈடு. தங்கையின் கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. நிலமும் போய், இவனும் இங்கே வந்து மாட்டிக்கொண்டால், அவளுக்கு மிஞ்சுவது பாளையம்பட்டியில் ஓட்டு வீட்டின் பாதிப் பங்கு.

மேலே ஏறும்போதுதான் உறைத்தது. "சொர்க்க பூமி" என்பது பொன்ராஜ் சொல் அல்ல. என் சொல். நான் எழுதிய சொல்லை அவன் எனக்கே திருப்பி எழுதியிருக்கிறான்.

2

நான் 1952-இல் மலேயாவுக்கு வந்தவன். அருப்புக்கோட்டையில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததால் ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை கிடைத்தது. கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்கர். விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். முப்பத்தொரு வருஷம் பெரட்டு எடுத்தவனுக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. மருமகள் கேலி செய்கிறாள். செய்யட்டும்.

அப்பா இருந்தவரை அவருக்கு எழுதினேன். 1970 முதல் தங்கைக்கு. வருஷத்துக்கு மூன்று, சில வருஷம் இரண்டு. அனுப்பிய கடிதங்களுக்கு ஒரு பதிவு வைத்திருக்கிறேன். இதுவரை அறுபத்து நான்கு.

தங்கைக்கு எழுதிய முதல் கடிதத்தில் உண்மையை எழுதினேன். மலேரியா, பதினெட்டு நாள் படுக்கை, சம்பளம் இல்லை, சமைக்க ஆள் இல்லை. நான் மறந்துபோனது ஒன்றுதான். பாளையம்பட்டியில் தபால்காரர் வீடு வீடாகப் போவதில்லை. எல்லாத் தபாலையும் சண்முகவேல் மளிகைக் கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். வெளிநாட்டுக் கடிதம் வந்தால் சண்முகவேல் உரியவர்களுக்கு ஆள் அனுப்புவார். அவர்கள் வந்ததும் பிரித்து உரக்கப் படிப்பார். அரிசி வாங்க வந்தவர், பஸ்ஸுக்கு நின்றவர், சும்மா உட்கார்ந்தவர், எல்லோரும் கேட்பார்கள். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவன் எழுதுவது தெருவுக்கே எழுதுவதுதான்.

என் மலேரியாவைப் பதினொரு பேர் கேட்டார்கள். அன்று சாயந்திரம் தங்கையின் மாமியார் அடுப்படியில் நின்று சொன்னாராம்: "உங்கண்ணன் சீமைக்குப் போயி கஞ்சிக்குச் சிங்கியடிக்கானாம்ல. பெரிய இடம்னு சொல்லித்தான உன்னையத் தலையில கட்டுனாக." தங்கை ஒரு வாரம் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகவில்லை. இதை அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் எனக்கு எழுதினார்.

இரண்டாவது கடிதத்திலிருந்து நான் சொர்க்கத்தில் இருக்கத் தொடங்கினேன்.

3

இந்தச் சொற்களை நம் பக்கத்தில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று இங்கே வந்த பிறகுதான் யோசித்தேன். சித்திரை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒருவர் வேப்ப மரத்தடியில் துண்டை உதறி உட்கார்வார். கடையிலிருந்து ஒரு சொம்பு மோர் வரும். பாதி குடித்துவிட்டு, "சொர்க்கம்யா" என்பார். மீதியைக் குடித்ததும் எழுந்து போய்விடுவார். கூரை வீட்டுக்குக் கரண்ட் வந்த அன்று, பேன் காற்றில் படுத்தவள் "தேவலோகம் மாதிரி இருக்கு" என்பாள். அரை மணியில் கரண்ட் போகும். அவளும் விசிறியை எடுத்துக்கொள்வாள். ஏமாந்ததாக நினைக்க மாட்டாள். தேர்தலுக்கு வருகிறவர்கள் குண்டாற்றங்கரையில் நின்று தேனாறும் பாலாறும் ஓடும் என்பார்கள். குண்டாற்றில் தண்ணீர் ஓடியே எத்தனை வருஷம் என்று கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் தெரியும். கை தட்டிவிட்டுப் போவார்கள். யாரும் குடத்தை எடுத்துக்கொண்டு போனதில்லை.

நிரந்தரமான இடத்துக்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் வேறு. அத்துவானக் காடு, பொட்டல், சுடுகாட்டு மேடு. வைகுண்டம், கைலாசம், சிவலோகம் எல்லாம் செத்தவர்களுக்கு; கறுப்பு மையில் அச்சடித்து போஸ்ட் கம்பத்தில் ஒட்டுவதற்கு. உயிரோடு இருப்பவர்கள் அங்கே குடியிருப்பதாக நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை.

நான் சொன்னேன். மோர் குடித்து முடிக்கும் நேரத்துக்கு என்று இருந்த சொல்லை இருபத்தொரு வருஷத்துக்கு இழுத்துவிட்டேன்.

அதோடு நிற்கவும் இல்லை. என் பேத்தி கவிதாவுக்கு ஒன்பது வயது. மலாய்ப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத வராது. இங்கே சொந்த ஊருக்குப் போவதைக் 'கம்போங்'குக்குத் திரும்புவது என்பார்கள். கம்போங் என்றால் கிராமம். ஆனால் பட்டணத்துக்காரர்கள் வாயில் வரும்போது அதில் ஓர் ஓடையும் ஒரு பழமரமும் தானாகச் சேர்ந்துகொள்ளும். தாத்தாவின் கம்போங்கை வரைந்து வரச் சொல்லி டீச்சர் சொன்னாராம். கவிதா வரைந்ததில் தென்னை மரம் ஏழு, மலை இரண்டு, ஆறு ஒன்று, ஆற்றில் வாத்து நான்கு.

"நீங்கதானே தாத்தா சொன்னீங்க, ரொம்ப அழகான ஊருன்னு?" என்றாள்.

சொல்லியிருக்கிறேன். அங்கே இருப்பவர்களுக்கு இது சொர்க்கம் என்றும், இங்கே இருப்பவர்களுக்கு அது சொர்க்கம் என்றும் இரண்டு பக்கமும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு கணக்கனாக இதை நான் முன்பே சரிபார்த்திருக்க வேண்டும்.

4

ஜூன் 18 காலை, சண்முகவேல் கடைக்குப் போன் போட்டேன். அந்தத் தெருவில் அது ஒன்றுதான்.

"யாரு? மலேயா அண்ணாச்சியா! ஏலே, சத்தம் போடாதீகடா, சீமையில இருந்து பேசுதாக! சொல்லுங்க அண்ணாச்சி, அங்கன மழையா?"

மழையெல்லாம் இருக்கட்டும், பொன்ராஜைக் கூப்பிடுங்கள் என்றேன். அவன் கடையில்தான் இருந்தான்.

"மாமா, எல்லாம் ரெடி. பாஸ்போர்ட்டும் வந்திருச்சு. சூப்பர் மார்க்கெட்ல வேலையாம், ஏசியாம்."

அவனைச் சுற்றிலும் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. ஆறு பேராவது இருந்திருப்பார்கள். இங்கே கடைகளின் பின்கட்டில் ஒளிந்து வேலை செய்யும் பையன்களை எனக்குத் தெரியும். எங்கள் அடுக்குமாடிக்கு எதிர்க் கடையில் இராமநாதபுரத்துப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர். சுற்றுலா விசாவில் வந்தவர்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம். போலீஸ் வண்டி வந்தால் வெங்காய மூட்டைக்குப் பின்னால் போய்விடுவார்கள். இதைச் சொல்ல வாயெடுத்தேன். வந்தது, "அவசரப்படாத மாப்ளே" என்பது மட்டும்.

"நீங்களும் அவசரப்பட்டுத்தான மாமா போனீக" என்று சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

கடிதம் எழுதினால் ஒன்பது நாளில் போகும். ஆனால் அதையும் சண்முகவேல்தான் படிப்பார், தங்கையும் கூட்டத்தோடு நின்றுதான் கேட்பாள். எப்படியும் அந்தக் கடையில்தான் சொல்லியாக வேண்டும் என்றால் நானே போய்ச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

என் மகன், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து, "போன்ல இன்னொரு தடவை சொல்லிட்டா முடிஞ்சுது லா, எதுக்குப்பா பிளேன்?" என்றான். அவனுக்கு அந்தக் கடையைத் தெரியாது.

எனக்கு இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான். அதாவது நிரந்தரவாசி, குடிமகன் இல்லை. குடியுரிமைக்கு மூன்று முறை மலாய் வாய்மொழித் தேர்வுக்குப் போய் மூன்று முறையும் தோற்றேன். பயந்தால் எனக்கு மலாய் வராது, தமிழ் வந்துவிடும். அதனால் ஊருக்குப் போவதென்றால், திரும்பி உள்ளே வர ஒரு முத்திரை வாங்க வேண்டும். குடிநுழைவு அலுவலகத்தில் மூன்று கவுண்டர், நான்கு மணி நேரம். மூன்றாவது கவுண்டரில் இருந்த பெண் என் தாளைப் பார்த்துப் புன்னகைத்து, கம்போங்குக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொடுத்துவைத்தவர் என்றாள்.

பெட்டியில் வேட்டி நான்கு, சட்டை நான்கு, நாட்குறிப்பு ஐந்து. 1970 முதல் நாட்குறிப்பும் எழுதுகிறேன். தோட்டத்தில் பெரட்டுக்குக் கொடுத்த பழைய நோட்டுகள்தான். நாளுக்கு மூன்று வரி. அதில் யாருக்காகவும் எதையும் கூட்டி எழுதியதில்லை.

5

ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்குப் பாளையம்பட்டியில் இறங்கினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்று அடுப்பைத் திறந்தது போல அடித்தது. சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். நல்லது எதற்கும் முன்னால் சீமை என்று சேர்த்த நம் ஆட்கள், இந்த முள்ளுக்கும் அதையே சேர்த்திருக்கிறார்கள்.

தங்கை கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். சாப்பிட்டதும் பொன்ராஜைத் தனியே உட்காரவைத்துச் சொன்னேன். அங்கே அவன் நினைப்பது போல இல்லை, கஷ்டம், வர வேண்டாம், நிலத்தை விற்க வேண்டாம்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து ஒருவன் கஷ்டம் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அதை அவன் சொல்லியும் விட்டான்.

"நீங்க மட்டும் சொர்க்கத்துல இருக்கணும், நாங்க இங்கன முள்ளு வெட்டிக் கரி மூட்டம் போடணும். அப்படித்தான மாமா?"

தங்கை உள்ளேயிருந்து, "ஏலே, மாமாவ மரியாதையாப் பேசு" என்றாள். ஆனால் அவளும் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் அதே சந்தேகம்.

அன்று முழுக்க அவளிடம் இருந்த என் கடிதங்களை எண்ணினேன். ஒரு பிஸ்கட் டின்னில் தேதிவாரியாக வைத்திருந்தாள். படிக்கத் தெரியாதவள் வரிசையை எப்படி வைத்தாள் என்று தெரியவில்லை. அறுபத்து மூன்று இருந்தன. என் பதிவில் அறுபத்து நான்கு. ஒன்று குறைந்தது. இருந்தவற்றில் சொர்க்கம் இருபத்திரண்டு இடத்தில், தேவலோகம் ஒன்பது, பாலும் தேனும் ஏழு, இந்திரலோகம் நான்கு, அளகாபுரி ஒன்று. மொத்தம் நாற்பத்து மூன்று.

6

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு டின்னையும் நாட்குறிப்புகளையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பொன்ராஜை வரச் சொல்லியிருந்தேன். பெஞ்சில் ஐந்து பேர், படியில் மூன்று பேர். சண்முகவேலிடம் ஒரு கடிதத்தை நீட்டி, "படிங்க" என்றேன்.

"ஏற்கெனவே படிச்சதுதான அண்ணாச்சி?"

"பரவாயில்ல. இன்னொரு தடவை."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவருக்கு என் கடிதத்துக்கென்றே ஒரு குரல் இருந்தது. "1974 நவம்பர் ஆறு. அன்புத் தங்கைக்கு. இங்கே நாலு நாளாக விடாத மழை. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. பூலோக சொர்க்கம் என்றால் இதுதான்."

பெஞ்சில் ஒருவர், "நாலு நாளு மழை. குடுத்து வச்ச பூமி" என்றார்.

நான் நாட்குறிப்பைப் பிரித்து அதே தேதியைப் படித்தேன். "மழை. நாலாம் நாள். பால்வெட்டு இல்லை. ஆட்களுக்குச் சம்பளம் இல்லை. எட்டாம் லயத்து வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. கூரை மூன்று இடத்தில் ஒழுகல். அட்டைக்கடி ஐந்து."

படியில் இருந்த பெரியவர், "அதென்ன, மழை பெஞ்சா கூலி கிடையாதா?" என்றார்.

"மரம் நனைஞ்சா வெட்ட முடியாது. வெட்டலன்னா அன்னைக்குக் கூலி இல்ல."

"மழைய வேண்டாங்குற ஊரா! இதென்னய்யா ஊரு!" என்று அவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தே விட்டார். நான் மலேரியா என்று சொல்லியிருந்தாலும் போலீஸ் என்று சொல்லியிருந்தாலும் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். மழைக்குப் பயப்படும் ஊர் என்பதை நம்பினார்கள். அப்படி ஒன்றை யாரும் கற்பனை செய்து சொல்ல முடியாது.

அடுத்தது 1983. சண்முகவேல் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பெரிய பங்களாவுக்கு மாறப்போகிறேன். தேவலோகம்." நாட்குறிப்பு: "தோட்டம் கைமாறியது. கிராணி வீட்டைப் பதினான்கு நாளில் காலி செய்ய உத்தரவு. சாமான் இருபத்தாறு."

1988. "மகன் வீட்டில் மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இந்திரலோகம்." நாட்குறிப்பு: "லிப்ட் பழுது, ஒன்பதாம் நாள். படி 204. இறங்கவில்லை. யாரிடமும் பேசவில்லை."

ஏழு கடிதம் படித்தோம். ஐந்தாவது படிக்கும்போதுதான் தங்கை கடை ஓரத்தில் நிற்பதைப் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எதிர்க்கடைப் பையன்களையும் வெங்காய மூட்டையையும் கடைசியில் சொன்னேன். ஒருவன் பெயரைச் சொன்னதும் பெஞ்சில் இருந்தவர், "நம்ம வீரசோழன் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவரு தம்பியில்ல அவன்? அவுக வீட்டுல மேனேஜர்னுல்ல சொல்லிக்கிட்டிருக்காக" என்றார்.

பொன்ராஜ் சட்டைப்பையிலிருந்து எட்டாக மடித்த தாள் ஒன்றை எடுத்து டின்னில் போட்டான். டின்னில் குறைந்திருந்த அறுபத்து நான்காவது கடிதம்.

"இந்த நோட்டப் பத்து வருசம் முந்திப் படிச்சிருக்கலாம்ல மாமா" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை, ஆனி இருபது, நானும் பொன்ராஜும் பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போனோம். பத்திர ஆபீஸ் வாசலில் காத்திருந்தவரிடம் பொன்ராஜ், "நிலம் குடுக்கல" என்றான். அவர் திட்டியதை இங்கே எழுத வேண்டாம். முன்பணம் அப்படியே இருந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஏஜெண்டுக்கு முதலில் கட்டிய ஐயாயிரம் ரூபாய் மட்டும் திரும்பவில்லை. அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

7

தங்கை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். தண்ணீர்க் குழாயடியில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. மகனும் நிலமும் மிஞ்சியதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தெருவில் அவளுக்கு இருந்த ஒரு மதிப்பை நான் ஏழு கடிதத்தில் கரைத்துவிட்டேன். முதல் கடிதத்துக்கு அவள் ஒரு வாரம் தலை குனிந்தாள். இதற்கு எத்தனை நாள் என்று எண்ண நான் அங்கே இருக்கப் போவதில்லை.

கிளம்பும் அன்று பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்த பிறகு கேட்டாள்.

"அப்ப அந்த லெட்டருல இருந்த ஊரு எங்கண்ணே இருக்கு?"

நான் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"பொன்ராஜ் அப்பா குடிச்சிட்டு வந்து அடிக்கும்போதெல்லாம் நானு அங்கனதான் போயி உக்காந்துக்கிருவேன். நாலு நாளு மழை பெய்யும்ல, அந்த ஊருல" என்றாள். பஸ் வந்துவிட்டது.

கிள்ளானுக்குத் திரும்பி, அறுபத்து ஐந்தாவது கடிதம் எழுதினேன். முழங்கால் வலி, லிப்ட் ஓடுகிறது, மீன் விலை ஏறிவிட்டது, கவிதா கணக்கில் எழுபத்தெட்டு. ஒரு லோகமும் இல்லை. கவிதாவிடம் கரிசல் காட்டைப் பற்றியும் உள்ளபடி சொன்னேன். ஆறு வற்றிக் கிடக்கும் என்றேன். அப்போது வாத்து எங்கே போகும் என்று கேட்டாள்.

இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. சண்முகவேல் கையெழுத்து. "அண்ணாச்சிக்கு. உங்கள் கடிதத்தைக் கடையில் படித்தேன். எல்லோரும் கேட்டோம். உங்கள் தங்கை ஒன்று எழுதச் சொன்னார்கள். இனிமேல் கடைக்கு எழுதுவதை இப்படியே எழுதுங்கள். ஆனால் வருஷத்துக்கு ஒன்றாவது அந்தப் பழைய ஊரிலிருந்து தனக்கு மட்டும் போடச் சொல்கிறார்கள். அதைக் கடையில் படிக்க மாட்டேன். சாயந்திரம் அவர்கள் வீட்டுக்குப் போய் மெதுவாகப் படித்துவிட்டு வருவேன்."

அன்று கணக்கை முடித்து வைத்திருந்தேன். விமானம் போக வர 1,120 வெள்ளி, அதாவது ரிங்கிட். புகைப்படம், குடிநுழைவு முத்திரை 26. போன் 18. அங்கே பஸ், ரயில் 62 வெள்ளி 50 காசு. ஏஜெண்டிடம் போன ஐயாயிரம் ரூபாய், நான் மாற்றிய விலைக்கு 540. அறுபத்து ஐந்தாவது கடிதத்துக்கு ஏர் லெட்டர் 50 காசு. ஆக 1,767 வெள்ளி. அடியில் கோடும் போட்டாகிவிட்டது.

மறுநாள் காலை தபால் ஆபீஸுக்குப் போய் இன்னொரு ஏர் லெட்டர் வாங்கி, அங்கேயே கவுண்டரில் நின்று, "அன்புத் தங்கைக்கு. இங்கே நாலு நாளாக விடாத மழை" என்று ஆரம்பித்தேன். வெளியே நல்ல வெயில். வீட்டுக்கு வந்து, கணக்கின் அடியில் போட்ட கோட்டை அடித்துவிட்டுத் திருத்தினேன்: 1,767 வெள்ளி 50 காசு.